குப்பை மலைக்குக் கணக்கு உண்டு, அடிபம்புக்குக் கணக்கு இல்லையா?

டில்லி மாநகராட்சி சில வருடங்களாக ஒரு கணக்கைத் தம்பட்டம் அடித்துச் சொல்லி வருகிறது. பால்ஸ்வா குப்பை மலை இத்தனை மீட்டர் தாழ்ந்தது, காஜிப்பூரில் இத்தனை லட்சம் டன் சலித்து அகற்றப்பட்டது, ஓக்லாவில் இத்தனை ஏக்கர் மீட்கப்பட்டது என்று. தலைவர்கள் மலையடியில் நின்று படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். நல்லது, மலை குறையட்டும், யாருக்கு வருத்தம்? ஆனால் அந்த மலைகளிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விஷச் சாறு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தத் தெரு அடிபம்பில் அது ஏறி வருகிறது, அந்தத் தண்ணீரை இத்தனை வருடம் புழங்கிய குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கணக்கு மட்டும் அந்தத் தம்பட்டத்தில் கேட்பதில்லை.

நான் ரயில்வே குமாஸ்தா. எங்கள் பார்சல் ஆபீஸில் ஒரு நெய் டின் ஒழுகிக்கொண்டு வந்து இறங்கினால், டின் வந்து சேர்ந்தது என்று மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒழுகிய நிலையில் வந்தது, எடை இவ்வளவு குறைவு என்று ரிமார்க் எழுதியாக வேண்டும். எழுதாத குமாஸ்தாவிடம் விளக்கம் கேட்பார்கள். இங்கே நாற்பது வருடமாகத் தலைநகரின் மூன்று மூலைகளில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ரிமார்க் எழுதியவர் யார்? விளக்கம் கேட்டவர் யார்?

தோழர்கள் முதலில் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டில்லியில் குப்பை கொட்டும் இடம் இந்த மூன்று மட்டும் அல்ல. திமார்பூர், பைரோன் ரோடு, சராய் காலே கான், மண்டாவலி-ஃபாசல்பூர், ஹைதர்பூர் என்று பத்துப் பதினைந்து பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டு அடுத்த பள்ளத்துக்குப் போனார்கள். சராய் காலே கானில் மூடிய குப்பையின் மேல்தான் இன்றைய இந்திரப்பிரஸ்தப் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துப் போகிறோம், புல் பச்சையாக இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று ஒரு பலகைகூட நம்மிடம் பேசுவதில்லை.

பிறகு நகரம் பெருத்தது. குப்பையை ஊருக்கு வெளியே, கிராமத்து நிலத்துக்குத் தள்ளினார்கள். 1984இல் கிழக்கே காஜிப்பூர் கிராமம். 1994இல் வடக்கே பால்ஸ்வா கிராமம். 1996இல் தெற்கே ஓக்லா. இவற்றில் ஒன்றுக்காவது அடியில் களிமண் படுகை போட்டு, பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, சாற்றை வடிகட்டக் குழாய் பதித்தார்களா என்றால், கிடையாது. அப்படிச் செய்ய வேண்டும் என்ற மத்திய சர்க்காரின் விதியே 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. மூன்று மேடும் அதற்கு முன்பே வெறும் மண் மேல் உட்கார்ந்துவிட்டன. காஜிப்பூர் 2002இலேயே நிரம்பிவிட்டது. பால்ஸ்வா 2006இல், ஓக்லா 2010இல். நிரம்பிவிட்டது என்று காகிதத்தில் எழுதிவிட்டு, லாரியை மட்டும் நிறுத்தவில்லை. இருபது மீட்டருக்கு மேல் போகக் கூடாத காஜிப்பூர் மேடு 2019இல் அறுபத்தைந்து மீட்டர் ஆயிற்று. குதுப் மினார் எழுபத்து மூன்று மீட்டர்தான். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த மேட்டில் ஒரு பகுதி சரிந்து, பக்கத்துச் சாலையில் போன வண்டிகளையும் மனிதர்களையும் வாய்க்காலில் தள்ளியது. இரண்டு பேர் செத்தார்கள். இடையிடையே தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பால்ஸ்வா நாள்கணக்காக எரிந்தது.

2019இல் மூன்று மேட்டிலும் சேர்த்து 280 லட்சம் டன் பழைய குப்பை என்று கணக்கிட்டார்கள். காஜிப்பூரில் 140, பால்ஸ்வாவில் 80, ஓக்லாவில் 60. இந்த எண் நம் தலையில் ஏற வேண்டுமானால் இப்படிப் பாருங்கள்: ஒரு சரக்கு ரயிலில் 58 வேகன், வேகனுக்கு அறுபது டன் என்று வைத்துக்கொண்டால், எட்டாயிரம் சரக்கு ரயில் பாரம். தினமும் ஒரு ரயிலாக ஏற்றினாலும் இருபத்திரண்டு வருடம் ஆகும். இதற்கிடையில் நகரம் நாள்தோறும் போடும் பதினோராயிரம் டன்னில் ஒரு பங்கு அங்கேயே போய்ச் சேருகிறது. அகற்றி முடிக்கும் கெடுவை எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருப்பதே ஒரு உத்தியோகம். 2022 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி சர்க்காரை 900 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்தத் தொகையில் ஒரு குடம் நல்ல தண்ணீராவது பால்ஸ்வா கலந்தர் காலனிக்கோ கல்யாண்புரிக்கோ வந்து சேர்ந்ததா என்று அங்கிருக்கும் தாய்மாரைக் கேளுங்கள்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. சோறு, காய்கறித் தோல், பழம், மாமிசக் கழிவு. அது அழுகும்போது தானே நீர் விடும். அதன் மேல் ஆடி ஆவணி மழை பெய்தால், டீத்தூள் பையின் வழியே வெந்நீர் இறங்குவதுபோல் மேட்டின் உச்சியிலிருந்து அடி வரை நீர் இறங்கி, வழியில் இருக்கும் பேட்டரி, பெயிண்ட், மருந்து, சாயம், எல்லாவற்றிலும் கரைவதைக் கரைத்துக்கொண்டு கறுப்புச் சாறாக வெளியே வரும். பக்கவாட்டில் வருவது கண்ணுக்குத் தெரியும். அடியில் இறங்குவது தெரியாது. யமுனைப் படுகை மணல் கலந்த வண்டல். தடுக்க அங்கே பாறை இல்லை. இறங்கிய சாறு நிலத்தடி நீரோடு கலந்து, அந்த நீர் எந்தத் திசையில் நகருகிறதோ அந்தத் திசையில் மெள்ள நகரும். நாம் பம்பு அடித்தோ மோட்டார் போட்டோ இழுத்தால் நம் பக்கம் சற்று வேகமாகவே வரும்.

இன்னொன்று. கொட்டுவதை நிறுத்தினாலும் சாறு நிற்பதில்லை. உள்ளே அழுகுவது பல பத்தாண்டு தொடரும். அதனால்தான் 2000ஆம் ஆண்டு விதிகள், மேட்டை மூடிய பிறகும் குறைந்தது பதினைந்து வருடம் சாற்றையும் நிலத்தடி நீரையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றன. மேலே உள்ள மலையை முழுக்க வாரிக்கொண்டு போனாலும், ஏற்கனவே மண்ணுக்குள் போனது போகாது. ஆகவே மலை குறைந்தது என்ற செய்தியும் தண்ணீர் நல்லதாயிற்று என்ற செய்தியும் ஒன்றல்ல. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைக்கப் பார்க்கிறார்கள்.

அதிகாரிகளிடம் ஒரு தயார் பதில் உண்டு. டில்லியின் வடக்கிலும் மேற்கிலும் நிலத்தடி நீர் இயற்கையாகவே உப்பு, குப்பை மேட்டைக் குறை சொல்லாதீர்கள் என்பார்கள். முதல் பாதி உண்மைதான், நாம் மறுக்க வேண்டாம். நரேலா, பவானா, நஜஃப்கட் பக்கமெல்லாம் உப்பு நீர் உண்டு. ஆனால் காஜிப்பூர் மேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளையும் பம்புகளையும் சோதித்து 2006இல் வெளிவந்த ஆய்வில், குளோரைடு, நைட்ரேட், அம்மோனியம், ஃபீனால், இரும்பு, துத்தநாகம் முதலியவை கூடியிருப்பதைக் கண்டு, குப்பைச் சாறு இறங்கியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். மேட்டிலிருந்து தூரமும் கிணற்றின் ஆழமும் கூடக் கூடக் கேடு குறைகிறது என்பதையும் கண்டார்கள். இயற்கை உப்பு, குப்பை மேடு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைச் சுற்றியா ஊறும்?

எங்கே குப்பையோ அங்கே ஏழை

இனி அரசியலுக்கு வருவோம். யமுனைக்கு அக்கரையில் திரிலோக்புரி, கல்யாண்புரி, கிச்சடிப்பூர் காலனிகள் எப்படி வந்தன என்பது பழைய தோழர்களுக்குத் தெரியும். 1975-77 எமர்ஜென்சியில் நகரத்துக் குடிசைகளை இடித்து, லாரியில் ஏற்றி, வெட்டவெளியில் இறக்கினார்கள். நம்மவர் குடும்பங்களும் அங்கே உண்டு. அந்த ஜனங்கள் கூரை போட்டு, ரேஷன் கார்டு வாங்கி, ஒருவாறு மூச்சுவிட்ட சமயத்தில் 1984இல் பக்கத்திலேயே காஜிப்பூர் மேட்டைத் தொடங்கினார்கள். அங்கே ஏழைகள் முதலில் போனார்கள், குப்பை பின்னால் வந்தது.

பால்ஸ்வாவில் தலைகீழ். குப்பை முதலில், ஏழைகள் பின்னால். அங்கே யமுனையின் பழைய வளைவில் குதிரை லாடம்போல் ஒரு ஏரி இருந்தது. அதில் பாதியைக் குப்பையால் தூர்த்தார்கள். குப்பை விழுந்துகொண்டிருக்கும்போதே, 2000-2001இல், நகரத்தின் பல பஸ்திகளிலிருந்து இடித்து விரட்டிய குடும்பங்களை அதன் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். குடும்பத்துக்குப் பதினெட்டு சதுர மீட்டர், சிலருக்குப் பன்னிரண்டரை. அதுவும் சும்மா அல்ல, பணம் கட்டச் சொன்னார்கள். பம்பில் மஞ்சள் தண்ணீர் வருகிறது, சோப்பு நுரைப்பதில்லை, உடம்பு அரிக்கிறது என்று அந்த ஜனங்கள் இருபது வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

இதில் உச்சகட்டமான விசித்திரம் ஒன்று உண்டு. அல்மித்ரா படேல் என்ற அம்மையார் நாட்டின் குப்பை நிர்வாகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று 1996இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நல்ல நோக்கம். அந்த வழக்கில் 2000 பிப்ரவரியில் வந்த உத்தரவில்தான், பொது நிலத்தில் குடிசை போட்டவனுக்கு இலவசமாக மாற்று இடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பது போன்றது என்று நீதிமன்றம் சொன்னது. குப்பையைப் பற்றிய வழக்கில் குடிசைவாசி எப்படிக் குற்றவாளியானான்? நகரத்தை அசுத்தமாக்குகிறவன் இவன்தான் என்ற எண்ணம் எவ்வளவு ஆழத்தில் இருந்தால் அந்த வார்த்தை வரும்? இவன் வீட்டில் வீசி எறிய என்ன இருக்கிறது? பிளாஸ்டிக், பாட்டில், அட்டை எல்லாவற்றையும் பொறுக்கி, தரம் பிரித்து, மாநகராட்சியின் செலவைக் குறைப்பவனே இவன்.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டதை நாம் பார்த்தோம். பாரபுல்லா வடிகாலை அடைக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, ஹைகோர்ட் உத்தரவின் பேரில், சுமார் 370 தமிழ் வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் தகுதி என்றார்கள். தகுதி பெற்றவர்களுக்கு இடம் எங்கே? நரேலாவில். வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் ஜங்புராவில் நடந்து போன பெண்கள், நாற்பது கிலோமீட்டர் அளவு தள்ளி. நரேலா-பவானாவில் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மாநகராட்சியின் நான்காவது குப்பைக் கிடங்கும், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் இருக்கின்றன. இது அடியில் விரிப்புப் போட்டுக் கட்டியது, பழைய மூன்றைப்போல் அல்ல என்கிறார்கள். விரிப்பு இருந்தால் சந்தோஷம். அப்படியானால் சுற்றியுள்ள சோதனைக் கிணறுகளின் முடிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்பின் வாசலில், இந்தியிலும் தமிழிலும் ஒட்டுவதில் என்ன கஷ்டம்?

நம் சங்கத்திலேயே சிலர் முணுமுணுக்கிறார்கள், எனக்குக் காதில் விழாமல் இல்லை. குப்பை மேட்டுப் பிரச்சினை வங்காளிக்கும் பீகாரிக்கும், நமக்கு எதற்கு, நாம் பொங்கல் விழாவையும் தமிழ்ப் பள்ளியையும் பார்ப்போம் என்று. ஆர்.கே. புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் அப்படிப் பேசினால் அவர் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். மண்ணுக்குள் போகும் சாறு ஜாதகம் கேட்டுப் போவதில்லை. கொண்ட்லி, கரோலி, மயூர் விஹார் மூன்றாம் கட்டம் எல்லாம் காஜிப்பூரிலிருந்து எவ்வளவு தூரம்? பால்ஸ்வாவில் இருபது வருடம் குடம் சுமந்த பெண்கள் நமக்கு அந்நியர் அல்ல. நரேலாவுக்குப் போன நம் பெண்களுக்கு அவர்கள் அனுபவத்தில் மூத்தவர்கள்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசும் 2025இல் அறிவித்தது. போகிறவர்கள் போகட்டும். ஆனால் பிழைப்பு தேடி ஊரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும். அங்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடி, வடசென்னையில் கொடுங்கையூர், கோவையில் வெள்ளலூர். பெயர்தான் தமிழ், சாறு அதே சாறுதான்.

டேங்கர் வருகிறதே, பம்புத் தண்ணீரை ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்கும் அதிகாரி ஒரு நாள் குடத்தோடு வரிசையில் நின்று பார்க்கட்டும். டேங்கர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. காத்திருக்கும் பெண்ணுக்கு அரை நாள் கூலி போகும். வந்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகும். துணி, பாத்திரம், குளியல், குழந்தை எல்லாம் பம்புதான். காய்ச்சிக் குடி என்பது அடுத்த உபதேசம். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை கெட்டிப்படும். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், கரைந்திருப்பது போகாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். முக்கியமாகப் பால்பவுடர் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய்மாரிடம் சொல்லுங்கள். நைட்ரேட் கூடிய தண்ணீர் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறுவதைக் கெடுக்கும்.

மலையிலிருந்து சலித்தெடுத்த மண் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். சாலைக்கும் பள்ளம் நிரப்பவும் போகிறது. நல்ல மண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய குப்பையைச் சலித்த மண்ணில் உப்பும் கன உலோகமும் இருக்கும், தண்ணீர் பட்டால் நிறமுள்ள சாறு விடும் என்று டில்லி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஒரு ஊரின் மலையை இன்னொரு ஊரின் பள்ளத்தில் பரப்பி, அங்கேயும் அடிபம்பு இருக்கிறதா என்று பாராமல் விட்டால், திமார்பூரிலும் சராய் காலே கானிலும் செய்ததையே மறுபடி செய்கிறோம். (திமார்பூரில் வேறொரு கூத்தும் நடந்தது. 1987இல் டென்மார்க்கிலிருந்து குப்பை எரிக்கும் இயந்திரத்தை இறக்குமதி செய்து வைத்தார்கள். நம் ஈரக் குப்பை அதில் எரியவில்லை. மூன்று வாரத்தில் மூடினார்கள். பிறகு அது சும்மா கிடந்தது.)

ஏழைகள் கேட்டு என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் நயாகரா அருவி நகரத்தில் லவ் கனால் என்ற பள்ளம். ஹூக்கர் ரசாயனக் கம்பெனி அதில் கழிவைக் கொட்டி மூடி, 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளிக்கூட வாரியத்துக்கு விற்றது. மேலே பள்ளிக்கூடம் எழும்பிற்று, பக்கத்தில் தொழிலாளர் வீடுகள் வந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற ஒரு சாதாரண இல்லத்தரசி வீடு வீடாகப் போய், யார் வீட்டில் என்ன நோய் என்று நோட்டில் எழுதினார். அதிகாரிகள் அதை இல்லத்தரசிகளின் கணக்கு என்று கேலி செய்தார்கள். கடைசியில் எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குச் சர்க்கார் மாற்று வசதி செய்தது. 1980இல் நாடு முழுவதும் பழைய கழிவு மேடுகளைச் சுத்தம் செய்ய ஒரு சட்டமும் வந்தது. அது ரசாயனக் கழிவு, நம்முடையது ஊர்க் குப்பை, வித்தியாசம் உண்டு. ஆனால் நோட்டுப் புத்தகம் நம்மிடமும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டியது இது. தெருவில் உள்ள பம்புகளை எண்ணி, ஆழம் எவ்வளவு, எந்த வருடம் போட்டது, தண்ணீர் நிறம் எப்போது மாறியது என்று எழுதுங்கள். மேட்டுக்கு ஒட்டிய பம்பு ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று, நன்றாகத் தள்ளி ஒன்று என்று மூன்றிலாவது மாதிரி எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் இயற்கை உப்பு என்று தள்ளிவிடுவார்கள். சுத்தமான பாட்டிலை எடுத்து, ஐந்து நிமிடம் பம்பை அடித்து விட்ட பிறகு அதே தண்ணீரில் அலசிப் பிடியுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, ஐஸ் போட்டு அன்றைக்கே அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். கரைந்த உப்பு, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, ஈயம் இவை கட்டாயம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது. நைட்ரேட் 45க்கு மேல் கூடவே கூடாது.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும், ஜல் போர்டுக்கும், டில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் தனித்தனியே மனுப் போட வேண்டும். மேட்டைச் சுற்றிச் சோதனைக் கிணறுகள் எத்தனை, எங்கே, கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார்கள், முடிவின் நகல். சலித்த மண் எந்தெந்த இடத்துக்குப் போயிற்று. நம் காலனிக்குக் குழாய்த் தண்ணீர் எந்தத் தேதிக்குள். இவ்வளவுதான் கேள்வி. கட்டணம் பத்து ரூபாய், வறுமைக் கோட்டு அட்டை உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறைக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ரேஷன் கார்டு நகலும், பம்பு இருக்கும் கலி நம்பரும் கொண்டுவாருங்கள்.